விரலில் 98, கட்டிக்குள் 3

மார்ச் 2, மாலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

என் அண்ணனுக்குத் தொண்டைப் பகுதியில் புற்றுநோய். கழுத்தில் நிணநீர்க் கணுவும் வீங்கியிருக்கிறது. கதிர்வீச்சு தொடங்கும் முன் இன்னொரு பெட் ஸ்கேன் எடுக்கலாமா, கட்டிக்குள் ஆக்ஸிஜன் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வு நடக்கிறது, சம்மதமா என்று கேட்கிறார்கள். அண்ணனின் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் எப்போதும் 98 காட்டுகிறது. உடம்பு முழுக்க ஆக்ஸிஜன் இருக்கும்போது கட்டியில் மட்டும் எப்படிக் குறையும்? அப்படியே குறைந்தாலும், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை வைத்துக்கொண்டு கதிர் கொடுத்தால் வேலை முடிந்ததே. எதற்கு ஒரு ஸ்கேன்? இது வெறும் ஆராய்ச்சி வேலை என்று தோன்றுகிறது.

மார்ச் 2, இரவு

கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். ஆராய்ச்சிதான். சம்மதப் படிவத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். "வெறும்" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

நான் மருத்துவன் இல்லை. கதிர்வீச்சுத் துறையில் இயற்பியலாளன். எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு கதிர் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவன். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

விரலில் மாட்டும் கருவி, இரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனைச் சுமக்கிறது என்று சொல்லும். அணையின் நீர்மட்டத்தைப் பார்ப்பது போல. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று அணையில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. கட்டி அவசரமாக வளர்கிறது. அதற்குள் முளைக்கும் இரத்தக் குழாய்கள் கோணல்மாணலாக, ஒழுகலாக, சில இடங்களில் முட்டுச்சந்தாக முளைக்கின்றன. குழாயை ஒட்டி இருக்கும் செல்கள் வரும் ஆக்ஸிஜனையெல்லாம் தின்றுவிடுகின்றன. தள்ளி இருப்பவை பட்டினி.

1955-இல் தாம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் புற்றுநோய்த் திசுவின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் வைத்து அளந்தார்கள். செல்கள் கற்றை கற்றையாக இருந்தன. கற்றையின் ஆரம் 160 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் நடுவில் இறந்த பகுதி இல்லை. 200 மைக்ரானைத் தாண்டிய கற்றைகளில் நடுப்பகுதி இறக்காத ஒன்றுகூட இல்லை. இரண்டு தலைமுடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம்தான் இந்தத் தூரம். செத்த நடுவுக்கும் செழித்த ஓரத்துக்கும் இடையே, சாகாமலும் வாழாமலும் ஒரு வரிசை இருக்கிறதே, அதுதான் எங்கள் தலைவலி. (கதிர் அளவின் அலகு "கிரே" என்று இருப்பது அந்தக் கிரேயின் பெயர்தான்.)

தலைவலி ஏன் என்றால், கதிர் செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏவில் கீறல் போடுகிறது. பக்கத்தில் ஆக்ஸிஜன் இருந்தால் அது உடனே வந்து ஒட்டி அந்தக் கீறலை நிரந்தரமாக்கிவிடும். இல்லாவிட்டால் செல் கீறலைச் சரிசெய்துகொண்டு தப்பிவிடும். ஆக்ஸிஜன் அறவே இல்லாத செல்லைக் கொல்ல ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும்.

மூக்கில் குழாய் வைத்தால் முடிந்தது என்பது அபத்தம். அணை 98 சதவீதம் நிரம்பியிருக்கிறது. மிச்ச இரண்டு சதவீதத்தை ஊற்றிக் கடைமடையை நனைக்கப் பார்க்கிறீர்கள்.

மார்ச் 3

தலைப்பைப் பார்த்து ஒருவர் தனிச்செய்தியில் என் காதைத் திருகியிருக்கிறார். நியாயம்தான். 98 என்பது சதவீதம். 3 என்பது மில்லிமீட்டர் பாதரசத்தில் அளக்கும் அழுத்தம். இரண்டும் வேறு வேறு அலகு. தமனி இரத்தம் 98 சதவீதம் காட்டும்போது அதன் ஆக்ஸிஜன் அழுத்தம் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் இருக்கும். ஆகவே ஒழுங்கான ஒப்பீடு 100-க்கும் 3-க்கும்.

3 ஏன் முக்கியம்? ஆக்ஸிஜனே இல்லாத நிலைக்கும் முழு நிலைக்கும் நடுவில், கதிருக்குச் செல் பாதி வழி இணங்குவது அந்த அளவில்தான். 20, 30 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் அதற்குமேல் எவ்வளவு ஆக்ஸிஜன் கொடுத்தாலும் கதிருக்குக் கூடுதல் லாபம் இல்லை. கடைமடை வெள்ளக்காடாக வேண்டாம், ஈரமானால் போதும்.

தலைப்பை மாற்றப் போவதில்லை. தப்பாக இருந்தாலும் ஓசை நன்றாக இருக்கிறது.

மார்ச் 5

ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்று, முதல் கேள்வியைக் கேட்டவரே மறுபடி கேட்டிருக்கிறார்.

ஊசியில் போடும் மருந்தின் பெயர் ஃப்ளூரோமிசோனிடசோல். நாங்கள் எஃப்-மிசோ என்போம். அது எந்தச் செல்லுக்குள்ளும் தாராளமாக நுழையும். உள்ளே போனதும் செல் அதன் கையில் ஓர் எலக்ட்ரானைத் திணிக்கும். ஆக்ஸிஜன் அருகில் இருந்தால் அந்த எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். மருந்து வந்த வழியே வெளியேறிவிடும். ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் மருந்து மேலும் மேலும் மாறி, செல்லின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே சிக்கிவிடும். அதோடு கட்டியிருக்கும் ஃப்ளூரின்-18 அணு தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இதில் ஒரு நேர்த்தி இருக்கிறது. செத்த செல் எலக்ட்ரானைத் திணிக்காது. ஆகவே இறந்த பகுதி படத்தில் ஒளிராது. உயிரோடு பட்டினி கிடப்பவைதான் ஒளிரும்.

நேர்த்தி அதோடு சரி. சிக்காத மருந்து உடம்பிலிருந்து வெளியேறக் காத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், சில இடங்களில் நான்கு. ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுட்காலம் 110 நிமிடம். மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுக்கும்போது கையில் மூன்றில் ஒரு பங்குக் கதிரியக்கம்தான் மிச்சம்.

நான் முதன்முதலில் எஃப்-மிசோ படத்தைத் திரையில் திறந்தபோது கோப்பு பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போட்டு எடுக்கும் வழக்கமான பெட் ஸ்கேனில் கட்டி எரியும் கரிக்கட்டைபோல் பளிச்சென்று நிற்கும். இதில் கழுத்து முழுவதும் ஒரே சாம்பல் புழுதி. அதற்குள் ஓரிடத்தில் புழுதி கொஞ்சம் அடர்த்தி. "இதுதானா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த அணு மருத்துவர், "இதுதான். நன்றாக வந்திருக்கிறது" என்றார்.

மார்ச் 6

வழக்கமான சர்க்கரை ஸ்கேனே போதாதா என்று ஒருவர். இல்லை, அது இதற்குப் பதிலாகாது. அது செல்லின் சர்க்கரைப் பசியைக் காட்டும், மூச்சுத்திணறலைக் காட்டாது. இரண்டும் சில இடங்களில் ஒன்றாக இருக்கலாம், பல இடங்களில் இருக்காது.

மார்ச் 9

படம் வருவதற்கு முன் ஊசி இருந்தது. மருந்து ஊசி அல்ல, அளக்கும் ஊசி. நுனியில் மின்முனை. கட்டிக்குள் குத்தி, ஒரு சிறு மோட்டார் அதைத் துளித்துளியாக முன்னே தள்ளும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் அளவு. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஹோக்கெல், வாப்பெல் குழுவினர் 1990-களில் கருப்பை வாய்ப் புற்றுநோயில் இப்படி அளந்து, ஆக்ஸிஜன் அழுத்தத்தின் நடு அளவு 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு நோய் மோசமாகப் போனதைக் காட்டினார்கள். அறுவைச் சிகிச்சை செய்தவர்களிலும் அப்படித்தான். அதாவது கதிருக்கு இணங்காதது மட்டுமே காரணம் அல்ல. பட்டினி கிடந்த செல் முரடாகிவிடுகிறது, பரவவும் கற்றுக்கொள்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோயில் ஏழு மையங்களின் 397 நோயாளிகளைச் சேர்த்து 2005-இல் வந்த அலசலும், ஆக்ஸிஜன் குறைந்த கட்டி உள்ளவர்களுக்கு நோய் மோசமாகப் போனது என்றே சொன்னது.

நான் பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு முறை இந்த ஊசியைப் பார்த்திருக்கிறேன். திரையில் எண்கள் விழுந்துகொண்டே வந்தன: 31, 18, 6, 2, 2, 0, 24. அந்தக் கடைசி 24 எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஏதோ ஒரு குழாயை ஊசி உரசியிருக்க வேண்டும். படுத்திருந்த அம்மாள் "முடிந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

நேரடி அளவீடு என்றால் அதுதான். ஆனால் கைக்கு எட்டும் கட்டியில் மட்டும்தான் குத்தலாம், யாரும் இரண்டாவது முறை குத்திக்கொள்ள விரும்பமாட்டார்கள். அதனால் வழக்கொழிந்தது.

மார்ச் 14

ஊசிக் குறிப்பை எழுதிய பிறகு அந்த எண்வரிசை மனதை விட்டுப் போகவில்லை. 0-க்கு அடுத்து 24. இந்த ஏற்ற இறக்கத்தைப் படம் எப்படிப் பிடிக்கும்?

பிடிக்காது. பெட் படம் தெளிவாகப் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய துண்டு நான்கைந்து மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர்க் கனசதுரம் என்றால் 64 கன மில்லிமீட்டர். கடைமடைத் தூரமோ 0.15 மில்லிமீட்டர். ஒரு துண்டுக்குள் செழித்த ஓரம், பட்டினி வரிசை, செத்த நடு என்று எல்லாமே பலமுறை மாறி மாறி வந்துவிடும். படம் காட்டுவது அவற்றின் சராசரி. பாதி செத்து, பாதி பட்டினியாக உள்ள துண்டும், முழுக்க அரைப்பட்டினியாக உள்ள துண்டும் ஒரே சாம்பலாகத் தெரியலாம்.

இப்போது ஓர் ஒப்புதல் வாக்குமூலம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சித் திட்டத்துக்காக, எஃப்-மிசோ படத்தில் ஒளிரும் இடத்துக்கு மட்டும் கூடுதல் கதிர் தீட்டும் திட்டம் வரைந்தேன். ஓவியம் தீட்டுவது போல இடத்துக்கு இடம் அளவை மாற்றுவது. அப்போது எல்லாருக்கும் அதில் மோகம். எனக்கும். இரத்தத்தோடு ஒப்பிட்டு 1.2 மடங்குக்கு மேல் ஒளிர்ந்தால் பட்டினி என்று எல்லை வைத்தேன். எலுமிச்சை அளவுக்கு ஓர் உருவம் வந்தது. எல்லையை 1.4 என்று மாற்றினேன். மூன்று தனித்தனிக் கடலைகளாகச் சுருங்கிவிட்டது. இரண்டு எல்லைகளையும் ஆதரிக்கும் கட்டுரைகள் உண்டு. எதற்குக் கதிர் கொடுப்பது, எலுமிச்சைக்கா, கடலைகளுக்கா?

அதைவிடப் பெரிய சங்கடம், கடலைகள் இடம் மாறுவது. சில குழாய்கள் நிமிடக் கணக்கில் மூடித் திறக்கின்றன. ஒரே நோயாளிக்கு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை படம் எடுத்த ஓர் ஆய்வில், சிலருக்கு ஒளிரும் இடம் பொருந்தியது, சிலருக்குப் பொருந்தவில்லை. பின்னர் ஜப்பானில் கூர்மையான கருவியில் எடுத்தபோது நன்றாகவே பொருந்தியது. ஆகவே முழுப் பழியையும் குழாய்களின் மேல் போட முடியாது. புழுதிக்கும் பங்கு உண்டு.

அந்தத் திட்டம் எந்த நோயாளிக்கும் போகவில்லை. இன்றைக்கு அதை நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 15

"ஸ்கேனுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கி, ஸ்கேனையே குழிதோண்டிப் புதைத்துவிட்டீர்களே" என்று ஒருவர். பொறுங்கள், மண் இன்னும் போடவில்லை.

மார்ச் 21

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. மார்ச் 2 இரவு, மூக்குக் குழாயை அபத்தம் என்றேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முழுதாக அல்ல, முக்கால்வாசி.

ஹீமோகுளோபின் நிரம்பிவிட்டது என்பது சரி. ஆனால் தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே கூடுதல் ஆக்ஸிஜன் கரையும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமப்பது ஏறக்குறைய 20 மில்லிலிட்டர். கரைவது அதிகபட்சம் 2. சின்னத் தொகைதான். ஆனால் கரைந்தது தமனியின் அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றிவிடும், ஆக்ஸிஜன் இன்னும் கொஞ்சம் தூரம் ஊறிப்போகும். கடைமடைக்கு அந்தக் கொஞ்சம்தான் வேண்டும். அணைக் கணக்கை வைத்து உங்களைக் கிண்டல் செய்தேனே, அந்தக் கணக்கில் இது விடுபட்டுவிட்டது.

லண்டனில் சர்ச்சில்-டேவிட்சன் என்ற மருத்துவர் 1950-களிலேயே நோயாளிகளை அழுத்தத் தொட்டிக்குள் படுக்கவைத்து, மூன்று வளிமண்டல அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுத்து, தொட்டிக்கு வெளியிலிருந்து கதிர் செலுத்தினார். தினமும் செய்யக்கூடிய வேலையா அது? பின்னர் முகமூடி வழி வந்தது. தூய ஆக்ஸிஜன் குழாய்களைச் சுருக்கிவிடும் என்பதால் சிறிது கரியமில வாயு சேர்த்தார்கள்; மூடித் திறக்கும் குழாய்களுக்காக நிகோடினமைடு மாத்திரை. பிரிட்டனில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகள் 333 பேரிடம் இப்படிச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள்: மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 59 சதவீதம்; கதிர் மட்டும் பெற்றவர்களில் 46. கேட்டவரின் யோசனை ஏறக்குறைய இதுதான்.

மிச்சக் கால்வாசியை ஏன் வைத்துக்கொண்டேன்? நெதர்லாந்தில் குரல்வளைப் புற்றுநோயில் இதே முறையைச் சோதித்தபோது குரல்வளையில் வித்தியாசம் இல்லை. கழுத்துக் கணுக்களில் பலன் தெரிந்தது. அதுவும் பெரும்பாலும், திசுவில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது ஆக்ஸிஜன் குறைவு என்று தெரிந்தவர்களுக்கு. எல்லாருக்கும் கொடுத்தால் சிலருக்குத்தான் உதவும். அந்தச் சிலர் யார்?

மார்ச் 22

இரத்தச்சோகை பற்றிக் கேட்டவருக்கு: சோகை இருந்தால் கதிரின் பலன் குறைகிறது என்பது பழைய கவனிப்பு. சரி, ஹீமோகுளோபினை ஏற்றும் எரித்ரோபொயெட்டின் ஊசி போட்டால்? 2003-இல் வெளியான ஆய்வில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 351 பேர். ஹீமோகுளோபின் அழகாக ஏறியது. ஊசி பெற்றவர்களின் நோய் இன்னும் மோசமாகப் போனது. எண் ஏறினால் நோயாளி தேறுவார் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

புகை வேறு விஷயம். புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடு ஹீமோகுளோபினில் இடம்பிடித்து உட்கார்ந்துகொள்ளும். கதிர்வீச்சு நடக்கும்போதும் புகைத்தவர்களுக்குக் கட்டி சரியாகக் கரையவில்லை என்று 1993-இலேயே எழுதிவிட்டார்கள். இன்னொன்று, இந்த இழையின் முதல் வரிக்கே குழிபறிப்பது: விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டருக்குக் கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் கூட்டி 98 என்றுவிடும்.

கேட்டவரே, அண்ணன் புகைப்பவரா?

ஏப்ரல் 2

பதில் வரவில்லை. நான் பாட்டுக்குத் தொடர்கிறேன்.

ஸ்கேனைப் புதைக்கவில்லை என்றேனே, அதற்கான காரணம் டைராபசமைன் என்ற மருந்தின் கதை. ஆக்ஸிஜன் இல்லாத செல்லை மட்டும் தேடிக் கொல்லும் மருந்து. ஆஸ்திரேலியாவில் ஒரு சிறு சோதனைக்குள் 45 பேருக்கு எஃப்-மிசோ படமும் எடுத்துவைத்தார்கள். முதன்மைக் கட்டியிலோ கழுத்துக் கணுவிலோ பட்டினி தெரிந்தவர்களில், அந்த மருந்து பெறாத 13 பேரில் 8 பேருக்கு அதே பகுதியில் நோய் திரும்பியது. மருந்து பெற்ற 19 பேரில் ஒருவருக்குத்தான். 2006-இல் இதைப் படித்தபோது எழுந்து நின்றேன்.

அடுத்தது பெரிய சோதனை, 861 பேர், முடிவு 2010-இல். பலன் பூஜ்யம். படம் எடுத்துப் பட்டினி உள்ளவர்களை மட்டும் சேர்த்தார்களா? இல்லை. வந்தவர்களையெல்லாம் சேர்த்தார்கள். போதாக்குறைக்குச் சில மையங்களில் கதிர்த் திட்டமே சரியில்லை. அது என் சாதிக்காரர்களின், அதாவது இயற்பியலாளர்களின், வயிற்றில் புளியைக் கரைத்த செய்தி. மருந்து அதோடு மறைந்தது.

பொறுக்கியெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. பட்டினிச் செல்லையும் கதிருக்கு இணங்கவைக்கும் நிமோரசோல் மாத்திரை, டென்மார்க்கில் 1998 ஆய்வுக்குப் பிறகு வழக்கமான சிகிச்சை. பிரிட்டனில் மரபணுக் குறியீட்டை வைத்துப் பட்டினிக் கட்டிகளை அடையாளம் கண்டு அதே மாத்திரையைச் சோதித்தார்கள்; 2024-இல் வந்த முடிவில் பலன் இல்லை. மரபணுக் குறியீடும் படமும் ஒன்றல்ல என்று நான் வாதாடலாம். தோற்ற கட்சிக்காரன் வாதம் மாதிரி இருக்கும்.

ஏப்ரல் 11

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அண்ணன் சம்மதித்துவிட்டார், முதல் படம் எடுத்தாயிற்று, இரண்டாவது படம் கதிர்வீச்சு தொடங்கிய பிறகாம். "ஒன்று போதாதா?" என்கிறார்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் 25 பேருக்குச் சிகிச்சையின் நான்கு கட்டங்களில் எஃப்-மிசோ படம் எடுத்து 2012-இல் வெளியிட்டார்கள். தொடங்கும் முன் எடுத்த படத்தைவிட முதல் இரண்டு வாரங்களில் எடுத்த படம்தான் நோய் எப்படிப் போகும் என்பதை நன்றாகச் சொன்னது. கதிர் பட்டதும் ஓரத்துச் செல்கள் சாகின்றன, தின்ன ஆள் குறைகிறது, கடைமடைக்குத் தண்ணீர் வருகிறது. யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்பதே கேள்வி.

எங்கே தீட்டுவது என்று படத்திடம் கேட்டுத்தான் நான் ஏமாந்தேன். யாருக்கு, எவ்வளவு என்று கேட்டால் இதே புழுதிப் படம் பயன்படுகிறது. சராசரியே அதற்குப் போதும். எலுமிச்சையா கடலையா என்ற சண்டை வேண்டியதில்லை.

நியூயார்க்கில் எச்பிவி வைரஸால் வந்த தொண்டைப் புற்றுநோயில் இதைச் செய்துபார்த்திருக்கிறார்கள். முதன்மைக் கட்டியை அறுவையில் எடுத்துவிட்டு, கழுத்துக் கணுக்களில் எஃப்-மிசோ பார்த்தார்கள். பட்டினி இல்லாதவர்களுக்கும், சிகிச்சையின் தொடக்கத்திலேயே பட்டினி தீர்ந்தவர்களுக்கும் வழக்கமான 70 கிரேக்குப் பதிலாக 30 கிரே, கீமோவோடு. 2024-இல் வந்த முடிவில் 150-க்கு மேற்பட்டவர்கள். பெரும்பாலோருக்கு 30 போதுமென்று முடிவானது. இரண்டு ஆண்டுகளில் அவர்களில் சுமார் 95 சதவீதத்தினருக்கு அந்தப் பகுதியில் நோய் திரும்பவில்லை. 70 கிரே பெற்றவரின் வறண்ட வாயையும், ஒரு கவளம் விழுங்க அவர் படும் பாட்டையும் பார்த்தவர்களுக்கு அந்த 40 கிரே வித்தியாசம் என்னவென்று தெரியும்.

இதைப் படித்துவிட்டு உங்கள் மருத்துவரிடம் போய் 30 கொடுங்கள் என்று கேட்காதீர்கள். அது ஒரே மையம், ஒரே வகை நோய், ஆய்வுக்குள் செய்த சிகிச்சை.

ஏப்ரல் 20

எம்ஆர்ஐயில் பார்க்க முடியாதா என்றவருக்குச் சுருக்கமாக. ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்படும், சுமப்பது ஈர்க்கப்படாது என்று வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1936-இலேயே கண்டுபிடித்துவிட்டார். அதை வைத்து எடுக்கும் படம் இரத்தத்தைப் பற்றிச் சொல்லும், திசுவைப் பற்றி அல்ல. மறுபடி அணைதான். இன்னொரு வழி, நோயாளியை எம்ஆர்ஐக்குள் வைத்து முகமூடியில் தூய ஆக்ஸிஜன் கொடுத்து, கட்டியின் எந்தப் பகுதியில் சமிக்ஞை மாறுகிறது, எது அசையாமல் கிடக்கிறது என்று பார்ப்பது. கதிரியக்க மருந்து வேண்டாம், மூன்று மணி நேரக் காத்திருப்பும் வேண்டாம். கேட்டவரின் மூக்குக் குழாய் இங்கே முகமூடியாகி, அளவுகோலாகவே வந்து நிற்கிறது. அந்த மனிதரிடம் நான் எத்தனை முறைதான் தோற்பது?

மே 4

கேட்டவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "முதல் படத்தில் கழுத்துக் கணுவில் ஆக்ஸிஜன் குறைவு இருந்ததாம். இரண்டாவதில் இல்லையாம். ஆனாலும் கதிர் அளவு மாறாது, இந்த ஆய்வு பார்ப்பதற்கு மட்டும்தான் என்கிறார்கள். அண்ணன் இருபது வருடமாகப் புகைத்தவர். கதிர் கொடுக்கும்போது தலை அசையாமலிருக்க முகமூடியைத் திருகி மேசையோடு பூட்டிய முதல் நாளே பயந்துபோய்ப் புகைப்பதை நிறுத்திவிட்டார். முன்பே சொல்லாததற்கு மன்னிக்கவும், அவர் சொல்ல வேண்டாம் என்றார்."

ஆக, இரண்டு படங்களுக்கும் நடுவில் கதிரும் தொடங்கியிருக்கிறது, சிகரெட்டும் நின்றிருக்கிறது. எது கடைமடைக்குத் தண்ணீர் விட்டது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வுக் குழுவிடம் சிகரெட் விஷயத்தைச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் நாளைக்கே சொல்லுங்கள். இல்லாவிட்டால் மொத்தப் பலனையும் கதிரின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.